பேஸ் கிட்டாரை யாரிடம் நம்பிக் கொடுப்பது? திருச்சியிலிருந்து ஒரு கேள்வி

மலைக்கோட்டை_பேஸ்:
அனைவருக்கும் வணக்கம். ஜாஸ் பேஸ் என்ற மாடலின் வடிவில் செய்யப்பட்ட நான்கு தந்திப் பேஸ் கிட்டார் ஒன்றைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பழையதாக வாங்கி, எட்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் தேவாலயத்திலும் மற்ற நாள்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் வாசிக்கிறேன். மூன்று மாதங்களாக மிகத் தடித்த 'ஈ' தந்தியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) ஐந்தாம் ஃப்ரெட் வரை எங்கே அழுத்தினாலும் கரகரவென்று ஓர் இரைச்சல் கேட்கிறது. போதாக்குறைக்கு, கேபிளைச் சற்று அசைத்தால் ஒலியே நின்றுவிடுகிறது. ஊரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் கிட்டாரை உறையிலிருந்து முழுதாக வெளியே எடுக்கக்கூட இல்லை. ஃப்ரெட் அனைத்தையும் மாற்ற வேண்டும், பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பு) போய்விட்டது, பதினான்காயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பாடகருக்காக எல்லாப் பாட்டுக்கும் சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசிக்கப் பழகிக்கொண்டிருப்பதால் ஒத்திகையைக்கூடத் தவறவிட முடியாது. பாலக்கரைப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டிலேயே பழுது பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். பெயர்ப்பலகை கிடையாது, ரசீதும் கிடையாது. அவரை நம்பலாமா, அல்லது சென்னைக்கு அனுப்பிவிடலாமா?

ரசீதுப்_பிரியன்:
யோசிக்காமல் சென்னைக்கு அனுப்புங்கள். நான்கு பேர் அறிந்த கடை, செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே எழுதித் தரும் வழக்கம், வேலை முடிந்ததும் கையெழுத்திட்ட ரசீது ஆகிய மூன்றும் இருந்தால்தான் பின்னால் ஒரு கேள்வியாவது கேட்க முடியும். சில ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவரிடம் என் பேஸைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒலியில் ஏதோ மெலிவு தெரிந்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தால், துருவேறிப் பழுத்திருந்த பழைய திருகாணிகளுக்கு நடுவே பிக்கப்பைச் சுற்றி மட்டும் நான்கு திருகாணிகள் புத்தம்புதிதாக மின்னின. பிக்கப்பை மாற்றிவிட்டாரா என்று கேட்டேன், இல்லை என்றார். என்னிடம் ரசீதும் இல்லை, கொடுப்பதற்கு முன் எடுத்த புகைப்படமும் இல்லை. அவர் திருடினார் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. திருடவில்லை என்று நம்பவும் முடியவில்லை.

மூத்த_தந்தி:
தம்பி ரசீதுப்_பிரியனின் வருத்தம் புரிகிறது. ஆனால் ரசீது கொடுப்பவர் நேர்மையானவர், கொடுக்காதவர் திருடர் என்று கணக்குப் போட்டால் மெல்லிசைக் குழுக்களில் முப்பது ஆண்டு வாசித்த என்னைப் போன்றவர்கள் ஒரு வாத்தியத்தைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது. பதினான்காயிரம் கேட்ட அந்தக் கடையும் கணினியில் அச்சடித்த ரசீது தந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தவிர, பேஸின் கழுத்து மரத்தால் ஆனது. சென்னையில் குளிரூட்டிய அறைக்குள் வைத்து நேர்செய்த கழுத்து, திருச்சி வெயிலுக்கு வந்து நான்கு நாள் ஆனதும் வேறு நிலைக்கு நகர்ந்துவிடும். எங்கே வாசிக்கிறோமோ அந்தக் காற்றிலேயே நேர்செய்வதுதான் முறை. மிருதங்கத்தைப் பார்சலில் அனுப்பி வார் பிடித்து வாங்கும் வித்துவான் யாரையாவது கண்டதுண்டா? எதிரே உட்கார்ந்து, தட்டிக் காட்டி, 'இந்த இடம் இன்னும் சேரவில்லை' என்று சொல்லித்தானே வாங்குகிறார்கள்? அந்தப் பெரியவரிடம் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். வாத்தியத்தை அவர் கையில் வாங்கும் விதத்திலேயே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

ஈயப்பற்று:
மூத்த_தந்தி ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. வாத்தியத்தை ஒருவர் வாங்கும் விதத்தைப் பார்த்து நம்புவது பெண் பார்க்கப் போன இடத்தில் காபியின் ருசியை வைத்து முடிவெடுப்பது போன்றது. இங்கே பிரச்சினை அளக்கக்கூடியது. முதல் ஃப்ரெட்டில் கேபோ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருந்தால் கழுத்தில் வேண்டிய அளவு வளைவு இருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் கழுத்து மிகவும் நேராகிவிட்டது அல்லது பின்பக்கம் வளைந்துவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைச்சல் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்று தளர்த்தினால் முடிந்துபோகும் வேலைக்கு ஃப்ரெட் முழுவதையும் மாற்றச் சொல்வது, செருப்பு கடித்ததற்குக் காலை வெட்டச் சொல்வது.

பிக்கப் போய்விட்டது என்பதும் எனக்கு நம்பிக்கை தரவில்லை. உங்கள் பேஸில் இரண்டு பிக்கப்புகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் உயிர்விடுவது அபூர்வம். கேபிளை அசைத்தால் ஒலி நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேபிள் செருகும் ஜாக்கின் மறை தளர்ந்து உள்ளே ஜாக் சுற்றிச் சுற்றி ஒயர் அறுந்திருக்கும், அல்லது ஈயப்பற்று விட்டிருக்கும். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் பிக்கப் நலமாக இருக்கிறது.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் சொந்த அவமானமே காரணம். பேட்டரியில் இயங்கும் ஒலிச்சுற்று (ப்ரீஆம்ப்) உள்ள என்னுடைய ஆக்டிவ் பேஸ் ஒருநாள் ஊமையானது. ரசீது தரும் ஒரு கடையில்தான் கொடுத்தேன். ப்ரீஆம்ப் எரிந்துவிட்டது என்று சொல்லிப் புதியது பொருத்தி ஆறாயிரம் வாங்கினார்கள். பழைய ப்ரீஆம்பைக் கேட்டு வாங்கி வந்து, ஆறு மாதம் கழித்து ஏதோ சலிப்பில் ஒரு புதிய 9 வோல்ட் பேட்டரியை இணைத்தேன். அது ஒழுங்காக வேலை செய்தது. ஆக்டிவ் பேஸில் கேபிளைச் செருகிய கணமே பேட்டரி இணைந்துவிடும். நான் இரவெல்லாம் கேபிளைச் செருகியபடியே விட்டுவைத்துப் பேட்டரியைத் தீர்த்திருக்கிறேன். அன்று முதல் என் கிட்டாரின் திருகாணியை வேறு யாரும் தொட்டதில்லை. 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணிகளால் இணைத்தார். கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த வாத்தியம் இது. நம்பிக்கையான ஆளைத் தேடும் நேரத்தில் நீங்களே கற்றுக்கொள்ளலாம்.

ரசீதுப்_பிரியன்:
கற்றுக்கொள்ளும்போது ட்ரஸ் ராடின் தலை மழுங்கிப் போனால்? எண்பது கிலோ அளவுக்கு நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் கழுத்து அது. ஆடிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருவரைத் திருப்புளி எடுக்கச் சொல்வது நல்ல யோசனையாகத் தெரியவில்லை.

ஈயப்பற்று:
திருப்புளி இல்லை, பொருத்தமான அளவுள்ள ஆலன் கீ. அளவு பொருந்தாத சாவியைத் திணிப்பவர்களிடம்தான் தலை மழுங்கும். அப்படித் திணிப்பவர்களில் கடைக்காரர்களும் உண்டு.

மூத்த_தந்தி:
ஈயப்பற்று தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் எனக்கு வேலை செய்து தந்தவரிடம் பீலர் கேஜ் என்ற பொருளே இருந்ததில்லை. ஒரு கையால் முதல் ஃப்ரெட், மறுகையின் சுண்டுவிரலால் பதினைந்தாம் ஃப்ரெட், அதே கையின் கட்டைவிரலை நீட்டி நடுவில் தந்தியை ஒரு தட்டுத் தட்டுவார். 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கழுத்து நேர். கொழகொழவென்று கேட்டால் வளைவு அதிகம். பிறகு சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் விசிட்டிங் கார்டை எடுத்து அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்ப்பார். இரைச்சல் எந்த ஃப்ரெட்டில் என்று நான் வாய் திறப்பதற்குள் அவர் சொல்லியிருக்கிறார். இதை எந்த மீட்டர் சொல்லும்?

ஈயப்பற்று:
ஐயா, என் மேசையிலிருந்த விசிட்டிங் கார்டு ஒன்றை இப்போதுதான் அளந்தேன்: 0.3 மில்லிமீட்டர். உங்கள் மதுரைக்காரர் காதை நம்பவில்லை. காதில் கேட்டதை அளவுகோலால் சரிபார்த்திருக்கிறார். அந்த அளவுகோலில் ஜவுளிக்கடை விளம்பரம் அச்சாகியிருந்தது, அவ்வளவுதான்.

மூத்த_தந்தி:
இருக்கட்டும். அளவுகோல் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளந்த பிறகு எவ்வளவு திருப்புவது, திருப்பியபின் மரம் அடங்குவதற்கு எத்தனை நேரம் காத்திருப்பது என்பதற்குக் கார்டு கிடையாது. வீணைக்கு மேளம் கட்டுபவரை, அதாவது மெட்டுப் பதிப்பவரைப் பாருங்கள். இருபத்து நான்கு மெட்டுகளையும் மெழுகில் ஒவ்வொன்றாக உட்கார்த்தும்போது அவர் எதை வைத்து அளக்கிறார்?

ஈயப்பற்று:
அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது. வீணையில் மெட்டு மெழுகில் நிற்கிறது; சுரம் தவறினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். பேஸில் ஃப்ரெட் மரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் அறைந்து இறக்கப்பட்டது, அதன் இடம் நகராது. அதன் உச்சியை அரத்தால் ஒருமுறை தேய்த்துவிட்டால் தேய்த்த உலோகம் திரும்பி வராது. காதை நம்பி மெழுகில் வேலை செய்யலாம், அரத்தில் செய்யக் கூடாது. எனவேதான் மலைக்கோட்டை நண்பருக்குச் சொல்கிறேன்: அந்தப் பெரியவரிடம் போவதானால் முதலில் ஜாக் வேலையை மட்டும் கொடுங்கள். ஐம்பது ரூபாய்ப் பொருள், அரைமணி நேர வேலை. உங்கள் கண்ணெதிரே செய்கிறாரா, கழற்றிய பழைய ஜாக்கைத் திருப்பித் தருகிறாரா என்று பாருங்கள். அதில் தேறினால் கழுத்தைக் காட்டுங்கள்.

ரசீதுப்_பிரியன்:
இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கூடவே, கொடுப்பதற்கு முன் பின்பக்க மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் ஒயர்களையும், பிக்கப்புகளின் அடிப்பாகத்தையும், வரிசை எண்ணையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். நான்கு படங்கள் இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மூத்த_தந்தி:
ஜாஸ் பேஸ் வடிவத்தில் பின்பக்கம் மூடி இருக்காது, தம்பி. முன்னால் குமிழ்கள் இருக்கும் உலோகத் தகட்டைக் கழற்ற வேண்டும். பெரியவரின் எதிரில் கேமராவை நீட்டாதீர்கள். வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

மலைக்கோட்டை_பேஸ்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஈயப்பற்று சொன்னபடி பீலர் கேஜ் வாங்கி அளந்தேன். மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மல்டிமீட்டரில் பிக்கப் உயிரோடு இருப்பது தெரிந்தது. அளவுகளை ஒரு காகிதத்தில் எழுதி, படங்களையும் எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன்.

பெரியவர் ஜாக் வேலையை முன்வாசலில் என் எதிரிலேயே செய்தார். தகட்டைக் கழற்றியதும் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்த ஒயரை என்னிடம் காட்டிவிட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புது ஜாக் வைத்து, மறை மறுபடி தளராதபடி அடியில் பல் வாஷர் ஒன்றையும் போட்டார். பழைய ஜாக்கை நான் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையில் போட்டுவிட்டார். அவர் பையில் இல்லை, என் பையில்.

பிறகு கழுத்தைப் பற்றி என் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இது எந்தக் கட்டையில தம்பி அளந்தது?" நான் வழக்கமான 'ஈ'யில் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, அரைக்கட்டை இறக்கித்தான் ஆறு மாதமாக வைத்திருக்கிறோம் என்றேன். சிரித்தார். சுருதியை இறக்கினால் தந்தியின் இழுவை குறைகிறது. முன்னால் இழுக்கும் விசை குறைந்தாலும் ட்ரஸ் ராட் பழைய பலத்தோடே பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது, கழுத்து நிமிராமல் என்ன செய்யும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இழுவை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அரைக்கட்டை இறக்கத்துக்கு ஏறத்தாழ 11 சதவிகிதம் குறைகிறது. எண்பது கிலோவில் ஒன்பது கிலோ என்பது சின்ன எண் இல்லை. முதல் பதிவிலேயே நான் இதை எழுதியிருந்தும் இங்கே நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கால் சுற்றுத் தளர்த்தி, இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் நான்கு ஃப்ரெட்டுகளில் இரைச்சல் போயிருந்தது, ஐந்தாம் ஃப்ரெட்டில் மட்டும் மிச்சமிருந்தது. குட்டையான ஓர் எஃகுப் பட்டையை ஐந்து, ஆறு, ஏழாம் ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிக் காட்டினார். நடுவிலிருக்கும் ஆறாம் ஃப்ரெட் உயர்ந்திருந்ததால் பட்டை ஊஞ்சல் மாதிரி ஆடியது. அதன் உச்சியில் மார்க்கரால் கறுப்புக் கோடு போட்டு, சுற்றியுள்ள மரத்துக்கு ஒட்டுப்பட்டை ஒட்டி, கோடு மறையும் வரை மட்டும் அரத்தை ஓட்டினார். மொத்தம் எழுநூறு ரூபாய் வாங்கினார். ரசீது தரவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒருமுறை கொண்டுவரச் சொன்னார், அப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று என் அளவுக் காகிதத்தை வாங்கி, பழைய நாள்காட்டி ஒன்றின் பின்னால் செருகி வைத்துக்கொண்டார்.

மூத்த_தந்தி:
வேறொன்றும் நான் சொல்வதற்கில்லை.

ஈயப்பற்று:
இழுவை விஷயம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. ஆனாலும் உங்கள் காகிதம் இல்லாமல் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ரசீதுப்_பிரியன்:
அந்தக் காகிதத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா?