ஜப்பான் புத்தகம் பார்த்து வெட்டின சட்டை நெஞ்சில் இறுக்கம், கழுத்து அகலம். எங்க பிழை?

கல்லடி நூல்:
அக்காமார், ஜப்பான் மொழித் தையல் புத்தகம் ஒன்றில் இருந்து இழுத்துப் போடுற கொட்டன் சட்டை ஒன்று வெட்டினேன். சிப், பட்டன் ஒன்றும் இல்லை. அளவுத்தாளில் M கோட்டைப் பிரதி எடுத்து, அந்தக் கோட்டிலேயே வெட்டி, பக்கங்களை 1.5 செ.மீ., மற்ற இடங்களை 1 செ.மீ. உள்ளே தைத்தேன். நெஞ்சு பிடிக்குது, தோள் உள்ளே நிற்குது, கழுத்து மட்டும் அகலம். சைஸ் பிழையா? துணி காப்பாற்றலாமா?

கல்முனை ஊசி:
சைஸ் சரி தங்கச்சி, வெட்டினதுதான் பிழை. அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் தாளில் இருக்கிறது தைக்கிற கோடு, வெட்டுகிற கோடு இல்லை. தையலுக்கு விடுகிற துணியை நீங்கள்தான் வெளியே கூட்டிக் கீற வேண்டும்.

கணக்குப் பாருங்கோ. பக்கத் தையல் இரண்டு, ஒவ்வொன்றிலும் முன்துண்டு, பின்துண்டு என்று நாலு ஓரம். ஓரத்துக்கு 1.5 போனால் சுற்றளவில் 6 செ.மீ. குறையும். கழுத்தை இரண்டு பக்கமும் 1 செ.மீ. உள்ளே மடித்ததால் அகலம் 2 கூடும். தோளில் கழுத்துப் பக்கம் 1, கைப்பக்கம் 1, ஆக 2 போயிற்று. நீங்கள் சொன்ன மூன்று குறையும் இந்த ஒரே பிழையால் வந்ததுதான்.

எவ்வளவு விடுவது என்பது துணி விரிப்புப் படத்தில் (துண்டுகளைத் துணியில் எப்படி வைக்கிறது என்று காட்டுகிற படம்) இருக்கும். ஓரங்களுக்குப் பக்கத்தில் வட்டத்திலோ அடைப்புக்குறியிலோ இருக்கிற சின்ன இலக்கம் அதுதான். இலக்கம் இல்லாத ஓரங்களுக்கு எவ்வளவு என்று படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், அநேகமாக 1 செ.மீ. 'நுயிஷிரோ' என்றால் தையலுக்கு விடுகிற துணி, 'மாஎ' முன், 'உஷிரோ' பின், 'சோதே' கை. தனியாக நிற்கிற 'வா' எழுத்தைப் போன் கமரா 'வளையம்' என்று காட்டினால் குழம்ப வேண்டாம், அந்த ஓரத்தைத் துணி மடிப்பில் வை என்று அர்த்தம். அங்கே ஒன்றும் கூட்டக் கூடாது.

பொக்கற், இடுப்புப் பட்டி மாதிரி நேர்த் துண்டுகளைத் தாளில் தேடாதீங்கோ. பல நேரம் விரிப்புப் படத்தில் நீள அகலம் மட்டும் போட்டிருப்பார்கள், சோக்கால் துணியிலேயே கீறலாம்.

மருதமுனை நெசவு:
ராத்தா சொன்னது சரி. கைத்தறியில் வெட்டினால் 1 செ.மீ. காணாது, நூல் உருவும். பக்கத்துக்கு 1.5 விட்டு பிரெஞ்ச் தையல் போடுங்கோ: துணியின் பிழைப்பக்கங்களை (உடுக்கும்போது உள்ளே இருக்கிற பக்கம்) சேர்த்து 0.5இல் தைத்து, பிசிறை வெட்டி, திருப்பி 1 செ.மீ.இல் தைக்கிறது. வெட்ட முன்னம் துணியை நனைத்துக் காயவையுங்கோ, தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்யேலாது.

படத்தில் துணி அகலம் 110 என்று இருந்தால் 45 இஞ்சித் துணி (114) பொருந்தும். 36 இஞ்சி என்றால் 91 செ.மீ.தான், முன்னும் பின்னும் பக்கம் பக்கமாக அமையாது, மேலும் கீழுமாகத்தான் வைக்க வேண்டும். 100 செ.மீ. நீளச் சட்டைக்குக் கையோடு இரண்டரை மீற்றர் வாங்குங்கோ.

கல்முனை ஊசி:
காப்பாற்றுகிற வழியையும் சொல்கிறேன். பக்கத் தையலைப் பிரித்து, கை விளிம்பில் இருந்து கமக்கட்டு வழியாகச் சட்டை விளிம்பு வரைக்கும் ஒரே நீளப் பட்டி வையுங்கோ. 6 செ.மீ. அகலத்தில் வெட்டினால் இரண்டு ஓரமும் 1.5 போக 3 நிற்கும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் போன 6உம் திரும்பும். கையும் இறுக்கம் விடும்.

கழுத்து மடிப்பைப் பிரித்து, 4 செ.மீ. அகலக் கிராஸ் பட்டியை (துணியில் சாய்வாக வெட்டின பட்டி) ஓரத்தில் இருந்து 1 செ.மீ. உள்ளே தைத்து, ஓரத்தைச் சுற்றி உள்ளே மடித்துக் கை ஊசியால் பிடியுங்கோ. வெட்டின ஓரமே கழுத்து விளிம்பாகும். மடிக்கிறதுக்காகக் கழுத்து வளைவில் முன்னம் சின்னதாக நறுக்கியிருந்தால் அந்த வெட்டுகள் 1 செ.மீ. பட்டிக்குள் மறையும். பட்டியை இழுத்துத் தைக்க வேண்டாம், கழுத்து சுருங்கி நிற்கும். முடிக்க முன்னம் தலைச் சுற்றளவை அளந்து கழுத்தோடு ஒப்பிடுங்கோ. கழுத்து 2 செ.மீ.யாவது கூட இல்லாவிட்டால் பின்னால் சின்னப் பிளவு வெட்டி ஒரு பட்டன் வைக்க வேண்டி வரும்.

கல்லடி நூல்:
கழுத்தில் நறுக்கு 0.7 அளவுதான், பட்டிக்குள் மறைந்திடும். தலை 56, பிரித்த கழுத்து 61. பட்டித் துணி வாங்கப் போறேன், நன்றி ராத்தா.