தண்ணீரில் விழுந்த போன்: அரிசிப் பானையா, மின்விசிறியா?

செந்தூல் செல்வி:
நேத்து ராத்திரி துணி ஊற வச்ச வாளியில என் போன் விழுந்துருச்சு. உடனே எடுத்துட்டேன். அம்மா துடைச்சு அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சிட்டாங்க. இன்னும் எத்தனை நாள் வைக்கணும்? வேலை இடத்து குரூப் எல்லாம் அதுலதான், அது இல்லாம எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது.

பயான் லெப்பாஸ் தம்பி:
அக்கா, இப்பவே வெளிய எடுங்க. ஆஃப் பண்ணித்தானே வச்சீங்க? அதுதான் முக்கியம். தண்ணியில கரைஞ்ச உப்பும் சோப்பும் பேட்டரி மின்சாரத்தோட சேர்ந்தா போர்டுல இருக்கிற செம்பை அரிச்சிடும். நான் இங்க ஃபேக்டரியில சர்க்யூட் போர்டு பார்க்கிறவன். பச்சை பூத்த போர்டுக்குப் பெரும்பாலும் காரணம், ஈரத்தோட ஆன் பண்ணிப் பார்த்ததுதான்.

பட்டர்வொர்த் அண்ணன்:
இதை ஒத்துக்க மாட்டேன் தம்பி. எங்க வீட்டுல மூணு போன் அரிசியிலதான் பிழைச்சுது. ஒண்ணு மீன் கழுவுற பேசின்ல விழுந்தது. கடையில திறந்து பார்க்கவே 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்டாங்க. மாசக் கடைசியில அந்தக் காசுக்கு எங்க போறது? அரிசி எல்லார் வீட்டுலயும் இருக்கு.

பயான் லெப்பாஸ் தம்பி:
மூணும் பிழைச்சதை நான் மறுக்கல அண்ணே. எத்தனை நாள் வச்சிருந்தீங்க?

பட்டர்வொர்த் அண்ணன்:
ரெண்டு நாள். யாரையும் தொட விடல.

பயான் லெப்பாஸ் தம்பி:
காப்பாத்தினது அந்த ரெண்டு நாள்தான் அண்ணே. சார்ஜ் போடாம, ஆன் பண்ணாம மேசை மேல வச்சிருந்தாலும் காய்ஞ்சிருக்கும். காய்ஞ்ச அரிசின்னு நாம நினைக்கிறதுலயே நூறு கிராமுக்கு 12, 13 கிராம் ஈரம் உண்டு. நம்ம மலேசியாக் காத்துல ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குப் போறது சாதாரணம். அந்தக் காத்துல கிடக்கிற அரிசி போனுக்குள்ள இருக்கிற தண்ணியை எப்படி இழுக்கும்? பானைக்குள்ள காத்தோட்டமும் இல்ல. அரிசி மாவு ஈரத்தோட சார்ஜ் ஓட்டையில ஒட்டினா பசை மாதிரி ஆயிடும். ஆப்பிள் நிறுவனமே 2024-இல், ஐபோனை அரிசிப் பையில வைக்காதீங்க, சின்னத் துகள் உள்ள போய்க் கெடுக்கும்னு சொல்லிடுச்சு.

பட்டர்வொர்த் அண்ணன்:
கம்பெனிக்காரன் புதுசு வாங்கச் சொல்லத்தான் பார்ப்பான். எங்கப்பா ரிமோட் வேலை செய்யலைன்னா பேட்டரி முனையை அழிப்பான்ல தேய்ப்பாரு, உடனே வரும். இதையும் தப்புன்னு சொல்வியா?

பயான் லெப்பாஸ் தம்பி:
இல்லவே இல்ல. முனையில படிஞ்ச அழுக்கு போனா மின்சாரம் ஓடும், உங்கப்பா செஞ்சது சரியான வேலை. அதுக்கும் வரலைன்னா ரிமோட்டை போன் கேமராவுக்கு நேரா காட்டி அமுக்குங்க. போன் திரையில ரிமோட்டோட முன் நுனி மினுக்கினா ரிமோட் நல்லா இருக்கு, கோளாறு டிவியில. சில போன்ல பின் கேமராவுல தெரியாது, முன் கேமராவுல பாருங்க. சார்ஜ் ஏறலையா? போனை ஆஃப் பண்ணி, மரப் பல்குச்சியால ஓட்டையில அடைஞ்ச பஞ்சை மெதுவா எடுங்க. ஊசி வேணாம். இதுக்கெல்லாம் கடைக்கு ஒரு காசு தர வேணாம். காரணம் புரிஞ்சு செய்யிற வீட்டு வைத்தியத்துக்கு நான் எப்பவும் துணை நிப்பேன்.

செந்தூல் செல்வி:
எடுத்துட்டேன். ஐயோ, ஆன்லதான் இருந்திருக்கு. இப்ப ஆஃப் பண்ணிட்டேன். அம்மாவுக்குக் கோபம். ஹேர் டிரையர் பிடிக்கலாமா?

பயான் லெப்பாஸ் தம்பி:
வேணாம்க்கா. சூடு உள்ள இருக்கிற பசையை இளக்கும், காத்து தண்ணியை இன்னும் உள்ள தள்ளும். கவரைக் கழட்டி, சிம் தட்டை வெளிய எடுங்க. சார்ஜ் ஓட்டை கீழ பார்க்கப் பிடிச்சு உள்ளங்கையில மெல்லத் தட்டுங்க. அப்புறம் மின்விசிறி முன்னால ஒரு நாள் முழுக்க இருக்கட்டும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
சோப்புத் தண்ணி ஆச்சே தம்பி. காய்ஞ்சாலும் சோப்பு உள்ளயே இருக்குமே?

பயான் லெப்பாஸ் தம்பி:
நல்லாக் கேட்டீங்க அண்ணே. தே தாரிக் (இனிப்புப் பால் டீ) கொட்டினாலும், பினாங்கு 'பத்து ஃபெரிங்கி' கடற்கரையில கடல் தண்ணியில விழுந்தாலும் இதே கதைதான். தண்ணி ஆவியாகும், சீனியும் உப்பும் போகாது. திறந்து ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ங்கிற, சீக்கிரம் ஆவியாகிற திரவத்தால கழுவணும். அதுக்குக் கடைதான் வழி, 80 வெள்ளி ஆனாலும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
அதை ஒத்துக்கிறேன். மீன் பேசின்ல விழுந்த போன் ஆறு மாசம்தான் ஓடுச்சு. செல்வி, பேட்டரி வீங்கி பின்பக்கம் உப்பியிருக்கான்னு பாரும்மா. உப்பியிருந்தா சார்ஜ் போடாதே, குத்திப் பார்க்காதே.

செந்தூல் செல்வி:
தடவிப் பார்த்தேன் அண்ணே, சமமாத்தான் இருக்கு. ஹால் ஃபேன் முன்னால வச்சிட்டேன். நாளைக்கு சாயங்காலம் ஆன் பண்ணாம நேரா கடைக்குக் கொண்டு போறேன்.