மரத்தை உருவகமாக வரையச் சொன்னால் எல்லாரும் ஒரே மரத்தையே வரைகிறார்கள்: என்ன செய்யலாம்?

சித்திரவகுப்பு:

வணக்கம். 13, 14 வயது மாணவர்களுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறேன். மரத்தை உருவகமாகக் கொண்டு ஓர் ஓவியம், அதோடு சேர்ந்து நிற்கும் எட்டு பத்து வரிக் கவிதை. 45 நிமிட வகுப்புகள் ஆறு. ஏ3 தாள், குச்சிக் கரி, பென்சில், கறுப்பு மை, நீர்வண்ணம் கைவசம் உண்டு.

வருகிற படங்கள் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு நேர்கோட்டுக்கு நடுவே பழுப்புத் தண்டு, மேலே பச்சை மேகம், கீழே கிளைகளைக் கவிழ்த்து வைத்தாற்போல வேர். கவிதையும் அப்படியே: "மரமே, நீ தாய், நிழல் தந்தாய், கனி தந்தாய்." சொந்தமாக ஒன்றைச் சொல்ல வருகிற பிள்ளைகூட இந்த அச்சுக்குள் போய் விழுந்துவிடுகிறது.

இந்த அச்சை உடைப்பது எப்படி? படமும் கவிதையும் ஒன்றையே இரண்டு முறை சொல்லாமல் பார்த்துக்கொள்வது எப்படி? கவிதை வரிகளையே கிளையாகவும் தண்டாகவும் எழுத சிலர் ஆசைப்படுகிறார்கள். அதற்கு வழி இருக்கிறதா? மதிப்பெண் எதை வைத்துப் போடுவது?

வேர்முடிச்சு:

"மரம்" என்று தலைப்புக் கொடுத்தால் பொது மரம்தான் வரும். பொது மரத்துக்குப் பொது அர்த்தம்தான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட மரம் செய்யும் ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் கொடுங்கள். அர்த்தம் அந்தக் காரியத்திலிருந்து பிறக்கட்டும்.

முதல் வகுப்பில் யாரும் வரைய வேண்டாம். கீழே சொல்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மரம் உயர்வது நுனியில்தான். தண்டில் ஒரு மீட்டர் உயரத்தில் அடித்த ஆணி, மரம் 20 மீட்டர் வளர்ந்த பிறகும் ஒரு மீட்டர் உயரத்திலேயே இருக்கும். தண்டு பருத்து ஆணியை உள்ளே விழுங்கும். மேலே தூக்கிக்கொண்டு போகாது.

காயம்பட்ட மரம், கெட்டுப்போன திசுவை நம் தோல் மாதிரிப் புதுப்பித்துக்கொள்வதில்லை. அந்தப் பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, ஓரங்களிலிருந்து புது மரத்திசுவை வளர்த்து மூடுகிறது. பழைய காயம் உள்ளேயே கிடக்கும். தென்னை, பனைக்கு இந்த வசதியும் கிடையாது. அவற்றின் தண்டில் பருமனைக் கூட்டும் வளர்படை இல்லை, அதனால் வெட்டு மூடவே மூடாது. ஒன்று காயத்தை மூடி உள்ளே வைத்துக்கொள்கிறது, மற்றது கடைசிவரை வெளியே சுமக்கிறது. இரண்டு மாணவர்களுக்கு இரண்டு தனித்தனி உருவகம் இங்கேயே கிடைத்துவிட்டது.

தென்னையின் தண்டில் தெரியும் வளையங்களும் கவனிக்கத் தக்கவை. அவை வயதைக் காட்டும் ஆண்டு வளையங்கள் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு மட்டை விழுந்த தழும்பு. தென்னையின் குறுக்குவெட்டில் வட்ட வட்டமாக வளையம் வரைந்திருந்தால் திருத்துங்கள்.

இலை உதிர்வது மரம் தானே செய்கிற வேலை. காம்பின் அடியில் ஒரு பிரிபடை உருவாகி, அது இலையை விடுவிக்கிறது. திடீரென முறிந்த கிளைக்கு அந்தப் படையை உண்டாக்க நேரம் இருக்காது. அதனால்தான் முறிந்த கிளையில் காய்ந்த இலைகள் உதிராமல் நாள்கணக்கில் தொங்குகின்றன. பிரிவைப் பற்றி எழுத வரும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆல் பல நேரம் வேறொரு மரத்தின் மேல்தான் முளைக்கிறது. பறவை எச்சத்தில் வந்த விதை வேரைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தைச் சுற்றிவளைக்கும். தொங்கும் விழுது மெல்லியது. மண்ணைத் தொட்ட பிறகுதான் தூணாகத் தடிக்கும். "ஆலமரம் என்றால் அரவணைப்பு" என்று மட்டும் நினைப்பவர்களிடம் இந்த இன்னொரு பக்கத்தையும் காட்டுங்கள்.

தண்டின் நடுப்பகுதி கோறையாகி உள்ளே வெறுமையாகிப் போனாலும் மரம் வாழும், ஏனென்றால் உயிரோட்டம் பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இருக்கிறது. பட்டையை ஒரு வளையமாக முழுச் சுற்றும் உரித்துவிட்டால் இலையில் உண்டான சர்க்கரை வேருக்கு இறங்க முடியாது. தண்டு முழுசாக இருந்தும் மரம் சாகும்.

வேர் விஷயம்: பெரும்பாலான மரங்களில் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைப்பரப்பைத் தாண்டி அகலமாக ஓடுகிறது. ஆகவே கவிழ்த்துப்போட்ட கிளை மாதிரி வேர் வரைவது கண்ணாடிப் பிம்பமே தவிர வேர் கிடையாது. தாளை அகலவாக்கில் வைத்து, தண்டை மேலே ஒரு ஓரத்துக்குத் தள்ளி, கீழே வேர் ஓட இடம் விடச் சொல்லுங்கள். அமைப்பு உடனே மாறிவிடும்.

கரிக்கோல்:

மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வரைதல் பக்கத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் வகுப்பு முழுக்க சிறுபடங்கள். ஒரு தாளில் 5 × 7 செ.மீ. கட்டங்கள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம், 4பி பென்சில், அழிரப்பர் கிடையாது. ஆறில் இரண்டிலாவது முழு மரம் தெரியக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். முழு மரத்தையும் தாளுக்குள் அடக்க நினைப்பதுதான் மேகத்தலை மரத்துக்குப் பாதிக் காரணம். ஆணியைப் பற்றிய படத்துக்கு உச்சி எதற்கு? தண்டின் 30 செ.மீ. உயரம் போதும், தாள் நிறையப் பட்டை, நடுவே ஒரு வீக்கம்.

தண்டும் கிளையும் ஒட்டவைத்தது மாதிரி இருப்பதற்குக் காரணம் பருமன் கணக்கு. லியொனார்டோ டா வின்சி குறித்துவைத்த விதி: கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்டினால் அவை பிரிந்த தண்டின் பரப்பு வரும். இயற்கையில் இது தோராயம்தான், ஆனால் வரைவதற்குப் போதும். பரப்பு அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் தாளில் தண்டு 20 மி.மீ. அகலம் என்றால், சமமாக இரண்டாகப் பிரியும் கிளை ஒவ்வொன்றும் 14 மி.மீ., மூன்றாகப் பிரிந்தால் 11 அல்லது 12. மாணவர்கள் பொதுவாக 20ஐ இரண்டாகப் பங்கிட்டு 10 என்று போடுவார்கள். கிளை வற்றிப்போய்த் தெரியும். இன்னொன்று, அடுத்த கவை வரும்வரை கிளையின் பருமன் மிகக் கொஞ்சமே குறையும். கேரட் மாதிரிக் கூராக்கிக்கொண்டே போவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இழப்பு, வெறுமை என்று வரும் கருத்துகளுக்கு எதிர்வெளி நல்ல முறை. தாள் முழுக்கக் குச்சிக் கரியைப் படுக்கவைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றிச் சாம்பல் நிறமாக்குங்கள். பிறகு பிசைரப்பரை (மாவு மாதிரிப் பிசையக்கூடிய அழிரப்பர்) கூராக்கி, கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்தை மட்டும் எடுக்க வேண்டும். வரைவது மரத்தை அல்ல, இடைவெளியை. கிளை போன இடத்தை வரைய வேண்டிய பிள்ளைக்கு முறையும் பொருளும் ஒன்றாகிவிடும். அழுத்திச் செய்த கட்டிக்கரியை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். அது தாளின் நாரில் ஏறிவிடும், வெள்ளை திரும்பாது.

பட்டையைத் தேய்த்தெடுக்கும் படத்துக்கு 60, 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மெல்லிய தாள், உறை உரித்த மெழுகு வண்ணக்கட்டி, படுக்கைவாக்கில் ஒரே திசையில் இழுப்பு. தாளை இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டாவிட்டால் நகர்ந்து இரட்டைக் கோடு விழும். இதில் எல்லாரும் தவறுவது அளவில்: தேய்த்தெடுத்த பட்டை நிஜ அளவில் இருக்கும். அதை வெட்டி 3 செ.மீ. தண்டில் ஒட்டினால் மரம் பொம்மையாகிவிடும். நெருக்கக்காட்சிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மை ஊதுவதானால் மையும் தண்ணீரும் சம அளவு, 5 மி.மீ. அளவுக்கு ஒரு துளி, உறிஞ்சுகுழலைத் தாளோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஊத வேண்டும். மேலிருந்து ஊதினால் குட்டைதான். கிளை நுனியெல்லாம் உருண்டையாக முடிந்தால் துளி பெரிது என்று அர்த்தம். தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் நெளியும்.

காட்டுவதற்கு: பீட் மோந்திரியான் 1908 முதல் 1910 வரை செய்த சிவப்பு மரம், 1911இன் சாம்பல் மரம், 1912இன் பூத்த ஆப்பிள் மரம். மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு படியிலும் அவர் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். "அழகாக இருக்கிறதா" என்று கேட்க வேண்டாம்.

சொல்வேலை:

கவிதைப் பகுதிக்கு. முதலில் நான்கு தடைகள்: "போல" கூடாது, "வாழ்க்கை" கூடாது, "மரமே" என்று விளிக்கக் கூடாது, "மரம்" என்ற சொல்லே வரக் கூடாது. விளித்தால் புகழ்ச்சிதான் வரும். "போல" என்றால் பாதி வேலையை அந்தச் சொல்லே முடித்துவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

நம் மரபில் இதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. உவமையில் மரம், மனிதர் இரண்டும் வெளிப்படையாக நிற்கும். உருவகத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். உள்ளுறையில் மரத்தை மட்டும்தான் சொல்கிறோம், மனிதர் செய்தி உள்ளே இருக்கும். 13 வயதுக்கு உள்ளுறை எட்டாது என்று நினைக்க வேண்டாம். வேர்முடிச்சு சொன்ன நடத்தைகளில் ஒன்றைச் சரியாக எழுதினாலே அது பாதி உள்ளுறை.

பயிற்சி: தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் மரம் செய்வதை வெறும் வினைச்சொற்களாக எழுதட்டும்: விழுங்குகிறது, விடுவிக்கிறது, வளைக்கிறது, தாங்குகிறது, மூடுகிறது. வலப்பக்கம், தனக்குத் தெரிந்த மனிதர் ஒருவர் அதே வினையைச் செய்த தருணம். எந்த வரியில் இரண்டு பக்கமும் தானாகப் பொருந்துகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட வேண்டும். வலப்பக்கத்தை யாரும் சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள், நீங்களும் வாங்கிப் பார்க்க வேண்டாம். வீட்டுத் துயரம் அங்கேதான் வந்து உட்காரும், அது அவர்களுடையது.

மாதிரிக்கு ஆணியை வைத்து எழுதியது:

ஆறு வயதில்
அடித்த ஆணி.
அன்று என் நெற்றி உயரம்,
இன்று இடுப்பளவு.
அது
இறங்கவில்லை.

இதற்கு ஆணி அடித்த தண்டையே வரைந்தால் இரட்டிப்பு. கவிதை உயரத்தைச் சொல்லிவிட்டது, எனவே படம் பட்டை விழுங்குவதைச் சொல்லட்டும்: ஆணி தெரியாமல் அதன் மேல் மூடிய தழும்பு மட்டும். சோதிக்க எளிய வழி, கவிதையைக் கையால் மறைத்துப் படத்தைப் பாருங்கள்; பிறகு படத்தை மறைத்துக் கவிதையைப் படியுங்கள். இரண்டு முறையும் ஏதாவது ஒன்று குறைய வேண்டும். குறையாவிட்டால் ஒன்று தேவையில்லை.

வரி முறிப்பையும் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் எல்லா வரியும் "வந்தது, நின்றது, விழுந்தது" என்று முடிந்து ஒரே தாளமாகும். வினையை அடுத்த வரியின் தலைக்குத் தள்ளினால் பாதி சரியாகிவிடும். எதுகை தானாக வந்தால் இருக்கட்டும். வலிந்து தேடப் போனால் "தந்தாய்" திரும்ப வந்து நிற்கும்.

சித்திரவகுப்பு:

மூவருக்கும் மிக்க நன்றி. நடத்தைப் பட்டியலை நாளையே பயன்படுத்துகிறேன். எழுத்தாலேயே கிளை செய்வதும் மதிப்பெண்ணும் மிச்சம். எழுத்து வளைவில் கலைகிறது, இடப்பக்கக் கிளையில் தலைகீழாகிவிடுகிறது.

சொல்வேலை:

முதலில் நீளக் கணக்கு. பத்து வரிக் கவிதையில் சுமார் 35 சொல், இடைவெளியோடு 210 எழுத்து. எழுத்துக்கு 5 மி.மீ. என்றால் மொத்தம் ஒரு மீட்டரை ஒட்டி வரும். 16 செ.மீ. தண்டில் பக்கம் பக்கமாக மூன்று வரி, 12 செ.மீ. கிளை நான்கு. அவ்வளவுதான் கவிதைக்கு இருக்கும் மரம். இதைவிடப் பெரிய மரம் வரைந்தால் அதை நிரப்பக் கவிதையைத் திரும்பத் திரும்ப எழுத நேரும், கவிதை வெறும் கோடாகிவிடும்.

2எச் பென்சிலில் மெல்லிய வழிகோடு போட்டு, 0.5 பேனாவில் 4, 5 மி.மீ. உயரத்தில் எழுதட்டும். 3 மி.மீ.க்குக் கீழே போனால் புள்ளி காணாமல் போகும், "க்" "க" ஆகிவிடும். ண, ஞ, ணை போன்ற அகல எழுத்துகள் வளைவின் வெளிப்பக்கம் விசிறியாக விரியும், உட்பக்கம் மோதும். எனவே வளைவின் ஆரம் 5 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். கிளை நுனியில் இடம் போதாமல் சொல்லை முறிப்பதானால் எழுத்துக்கு நடுவே முறிக்கக் கூடாது. "கொ"வின் கொம்பு ஒரு கிளையிலும் கால் இன்னொன்றிலும் நின்றால் யாராலும் படிக்க முடியாது.

தண்டு வரிகள் வேரிலிருந்து மேல்நோக்கி. தாளைத் திருப்பிவைத்து எழுத வேண்டும். வலக்கிளையில் தண்டிலிருந்து நுனிக்கு, இடக்கிளையில் நுனியிலிருந்து தண்டுக்கு எழுதினால் எதுவும் தலைகீழாகாது. அப்படியானால் இடப்பக்கம் மரத்துக்கு வந்து சேரும் வரிகள், வலப்பக்கம் மரத்தை விட்டுப் போகும் வரிகள். கவிதையையே அந்த வரவு, போக்குக்கு ஏற்பப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

வேர்முடிச்சு:

மதிப்பெண்ணுக்கு என் பரிந்துரை, 20க்கு: மரத்தின் நடத்தையைச் சரியாகக் கவனித்ததற்கு 6, அது மனிதர் செய்தியோடு பொருந்துவதற்கு 6, படமும் கவிதையும் ஒன்றை ஒன்று நிறைப்பதற்கு 5, முடிப்புக்கு 3. பொருத்தத்தைச் சோதிக்க, மரத்தை மாற்றிப் பாருங்கள். ஆல் இருக்கும் இடத்தில் தென்னையை வைத்தும் படைப்பு குலையாமல் நின்றால் அந்த மரம் இன்னும் பொது மரம்தான். 6இல் 2க்கு மேல் தர வேண்டாம். சிறுபடத் தாளையும் சேர்த்து வாங்குங்கள். கைத்திறன் குறைந்த பிள்ளையின் யோசனை அதில்தான் தெரியும்.

கரிக்கோல்:

ஒரு வேலை வரிசை மட்டும் சேர்க்கிறேன். எழுத்தும் கரியும் ஒரே தாளில் வருவதானால் எழுத்து முதலில், நீர்புகா மையில். 15 நிமிடம் காயவிட்டு வழிகோட்டை அழித்து, அதன் பிறகு கரி. மாற்றிச் செய்தால் கரித்தூள் பேனா முனையை அடைத்துக்கொண்டு கோடு விட்டுவிட்டு விழும். முடிந்ததும் நிலைப்படுத்தும் ஸ்ப்ரேயை 30 செ.மீ. தள்ளி நின்று மெல்லியதாக இரண்டு முறை, திறந்தவெளியில் அடியுங்கள். ஒரே முறையில் கனமாக அடித்தால் கரி திட்டுத்திட்டாகி, நீங்கள் ரப்பரால் எடுத்த வெள்ளை மங்கிவிடும்.