கிளாடிங்குக்குள் கால்வாசி இடத்தை ஏன் சோடியத்துக்கு விடுகிறார்கள்?

வேளச்சேரி_எம்டெக்:
வேக அணு உலைக்கான யுரேனியம்-புளூட்டோனியம்-ஸிர்கோனியம் உலோக எரிபொருள் பின் பற்றி செமினார். கிளாடிங் (எரிபொருளை மூடும் எஃகுக் குழாய்) உள்விட்டம் 5 மி.மீ. என்றால் ஸ்லக் (உள்ளே இறங்கும் எரிபொருள் தண்டு) 4.33தான் வருது. சுற்றிலும் மூன்றில் ஒரு மி.மீ. சோடியம். அடர்த்திக்காகத்தானே உலோகத்துக்குப் போறோம், அதையே விட்டுக்கொடுத்தா எப்படி?

அடையார்67:
கணக்கு சரிதான் தம்பி. (4.33/5)² = 0.75, ஸ்மியர் டென்சிட்டி (குழாயின் உள்ளிடத்தில் எரிபொருள் நிரப்பும் பங்கு) 75%. பிளவில் உண்டாகும் ஸெனானும் கிரிப்டானும் குமிழியாகத் தங்கி ஸ்லக்கை வீங்க வைக்கும். பருமன் 30% போலக் கூடியதும் குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து, வாயு மேலே பிளீனத்துக்கு (பின்னின் மேற்புறம் வாயுவுக்காக விடும் வெற்றிடம்) போய்விடும். அதற்கு முன்பே ஸ்லக் கிளாடிங்கில் முட்டி நெருக்கினால் குழாய் கிழியும். அமெரிக்காவின் இடாஹோவில் இருந்த ஈபிஆர்-2 சோதனை உலையில் முதலில் 85% வைத்தார்கள், 3% எரிப்பைத் (பிளந்துபோன எரிபொருள் அணுக்களின் பங்கு) தாண்ட முடியவில்லை. 75% ஆக்கியதும் 10%க்கு மேலே போனது.

அடர்த்தி எங்கேயும் போகவில்லை. 10% ஸிர்கோனியம் கலந்த யுரேனியம் கிட்டத்தட்ட 16 கிராம்/க.செ.மீ., அதில் முக்கால் 12. யுரேனியம் ஆக்சைடு எரிபொருள் முழுசாக இருந்தாலே 10.97தான். பிளீனத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், எரிபொருள் பருமன் அளவுக்காவது விடுங்கள்.

மயிலை_ஆர்கான்:
தொல்லை சோடியம் நிரப்புவதில்தான். ஆர்கான் குளோவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) அளந்த சோடியத்தைக் குழாயில் போட்டு, மேலே ஸ்லக்கை இறக்கி, மூடியை டிக் வெல்டிங் செய்வார்கள். பிறகு 500° செல்சியஸ் சுமாருக்குச் சூடாக்கி அதிர வைத்தால் சிக்கிய குமிழிகள் மேலேறும். எடி கரண்ட் (சுழல் மின்னோட்ட) சோதனையில் பார்க்காமல் விடக்கூடாது: ஒரு குமிழி மிஞ்சினாலும் அந்த இடத்தில் வெப்பம் வெளியேறாமல் ஸ்லக் அளவுக்கு மீறிச் சூடாகும். நம்ம ஊர் ஈரக்காற்று கையுறை ஓட்டை வழியாகக் கொஞ்சம் நுழைந்தால் போதும், சோடியம் பளபளப்பு போய் வெள்ளைப் படலம் கட்டி ஸ்லக்கில் ஒட்டாது.

பெரம்பூர்_உலோகவியல்:
ஸிர்கோனியம் உருகுநிலையைக் கூட்ட மட்டும் என்று ஸ்லைடில் போடாதீங்க. யுரேனியமும் இரும்பும் சேர்ந்தால் 725°யிலேயே திரவமாகும். கிளாடிங் எஃகு, எனவே சிக்கல் அங்கேதான். ஸிர்கோனியம் அந்த ஊடுருவலைத் தாமதப்படுத்தும். எரிப்பு ஏற ஏற, பிளவில் உண்டாகும் நியோடைமியம், சீரியம் மாதிரி லாந்தனைடுகள் விளிம்புக்கு வந்து எஃகை உள்ளிருந்து அரிக்கும். அதனால்தான் உள்சுவரில் ஸிர்கோனியம் லைனர் போடும் யோசனை.

இன்னொன்று: கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை எஃப்பிடிஆர் 1985இல் கார்பைடு எரிபொருளில் தொடங்கியது, அங்கேயே உள்ள முன்மாதிரி வேக ஈனுலை பிஎஃப்பிஆர் ஆக்சைடு. இரண்டையும் உலோகக் கணக்கில் சேர்த்துவிடாதீங்க.