உடற்பயிற்சித் திறனா, உடலுழைப்புத் தாங்குதிறனா?

வணக்கம் ஐயா,

ஆஸ்துமா கட்டுரையில் வரும் 'எக்சர்சைஸ் டாலரன்ஸ்', அதாவது உடல் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதற்கு, தமிழில் 'உடற்பயிற்சித் திறன்' என்று போட்டால், தண்டால் எடுப்பதில் கைதேர்ந்தவர் என்றுதான் படிப்பவருக்குப் படும். அதை அளக்கும் ஆறு நிமிட நடைச் சோதனையையே பாருங்கள். 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரண்டு முனையிலும் கூம்பு, நோயாளி தன் வேகத்தில் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்க வேண்டும், மூச்சு வாங்கினால் நின்று சுவரில் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முடிவில் எத்தனை மீட்டர் நடந்தார் என்பதுதான் கணக்கு. இதில் பயிற்சி எங்கே இருக்கிறது? முகமூடி மாட்டி, சைக்கிள் மிதிக்கவிட்டு, நிமிடத்துக்கு உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று அளக்கும் பெரிய சோதனையிலும் பார்ப்பது இதயமும் நுரையீரலும் தசையும் எதுவரை ஈடுகொடுக்கும் என்பதைத்தான்.

அதனால் 'உடலுழைப்புத் தாங்குதிறன்' என்பது என் பரிந்துரை. 'சகிப்புத்தன்மை' வேண்டவே வேண்டாம், அது பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டியது. 'ஆற்றல்' என்று முடித்தால் தமிழ்நாட்டுப் பாடநூல் படித்தவர்களுக்கு எனர்ஜி என்றாகிவிடும்.

அப்புறம், முந்தைய மடலில் தாங்குதிறனை அளக்கும் சோதனையும் ஓடினால் மூச்சுக்குழல் இறுகுகிறதா என்று பார்க்கும் சோதனையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இதயத் துடிப்பு உச்ச அளவில் 80-90 விழுக்காட்டைத் தொடும்படி சில நிமிடம் ஓடவிட்டு, நின்றபின் அரை மணி நேரம் வரை விட்டுவிட்டு ஊதச் சொல்வார்களே, அது வேறு. முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று, ஓடுவதற்கு முன் இருந்ததைவிட 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழல் இறுகுகிறது என்று பொருள். அதற்கு 'உழைப்புத் தூண்டல் சோதனை' என்று தனிப்பெயர் வைப்போம். ஓடினால் இரைப்பு வரும் உடம்போடுதான் பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் முடித்தார், தாங்குதிறனுக்கு அங்கே என்ன குறை! எதிர்ப்பக்கமும் உண்டு: இன்னொரு நோயாளிக்கு ஊதினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வீசிங் வந்துவிடுமோ என்று பயந்து மாடிப்படியே ஏறாமல் இருந்து இருந்து, நாலு படிக்கே இளைக்கிற நிலைக்கு வந்திருப்பார். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

கடைசியாக, பீப் ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே 10 மீட்டர் தூரத்தில் போய்வரும் நடைச் சோதனைக்கு 'ஷட்டில் நடை' என்றால் இறகுப்பந்து மட்டையோடு வந்து நிற்பார்கள். 'போய்வரு நடை' சரிவருமா?