எந்த விசுவாசம் இரட்சிக்கும்? விளக்கம் தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வெள்ளி இரவுகளில் கூடும் எங்கள் தமிழ் வேதபாடக் குழுவில், தேசிய சேவையிலிருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஆபிரகாம் விசுவாசத்தினால் நீதிமானாக எண்ணப்பட்டார் என்று ரோமர் 4 சொல்ல, ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் செலுத்திய கிரியையினால் (செயலினால்) நீதிமானாக்கப்பட்டார் என்று யாக்கோபு 2 சொல்கிறது. அதே யாக்கோபு 2 சொல்வதுபோல் பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்றால், எந்த விசுவாசம் இரட்சிக்கும் என்கிறார்.

எபேசியர் 2:8-10ஐக் காட்டி, நற்கிரியை விசுவாசத்தின் கனி என்றேன். இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் விசுவாசித்த கள்ளனுக்குக் கனி கொடுக்க நேரம் ஏது என்றார் (நியாயமான கேள்விதான்). நீதிமானாக்கப்படுதல் குறித்து 1999இல் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையைச் சேர்ந்து படித்தும் அவருக்குத் தெளிவு பிறக்கவில்லை.

கிரியையை இரட்சிப்பின் விலையாக்காமலும், விசுவாசத்தை வெறும் ஒப்புதலாகச் சுருக்காமலும், இதை இளையருக்கு நீங்கள் எப்படி விளக்குகிறீர்கள்?