‘ஜுமான்ஜி’ படத்துக் குரங்குகள் மட்டும் ஏன் ஒட்டவில்லை?

திரைவிரும்பி:
1995-இல் வெளிவந்த ‘ஜுமான்ஜி’ படத்தை அண்மையில் குழந்தைகளுடன் மீண்டும் பார்த்தேன். கதை இன்றும் விறுவிறுப்பாகவே செல்கிறது. ஆனால், சமையலறையைச் சூறையாடும் குரங்குகளைக் கண்டதும் படத்தின் மீதிருந்த நம்பிக்கை போய்விடுகிறது. 2 ஆண்டுகள் முன்னதாகவே வந்த ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களுக்கு இந்தக் குறை இல்லை. இரண்டுக்கும் கணினி வரைகலை செய்தது இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்னும் ஒரே நிறுவனம்தான். அப்படியிருக்க, இவ்வளவு வேறுபாடு எதனால்?

ஒளிநிழல்:
முதற்காரணம் உரோமம். ஒவ்வோர் இழையும் ஒளியைத் தனித்தனியே வாங்கிச் சிதறடித்து, பக்கத்து இழையின் மேல் நிழலையும் வீழ்த்த வேண்டும். அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. டைனோசருக்கு அந்தத் தொல்லையே இல்லை. மேலும், ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் டைனோசர்கள் தோன்றும் ஏறத்தாழ 15 நிமிடங்களில் வரைகலை இடம்பெறுவது சுமார் 6 நிமிடங்களே. மற்றவை ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் செய்த இயந்திரப் பொம்மைகள் போன்றவை. டி-ரெக்ஸ் முதலில் வெளிப்படும் காட்சியை இரவிலும் மழையிலும் அமைத்திருப்பதால், பொம்மை எங்கே முடிந்து வரைகலை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. டைனோசரை நேரில் கண்டவர் எவருமில்லை. குரங்கின் முகமோ எல்லோருக்கும் பழகியது.

படத்தொகுப்பு மேசை:
உரோமத்தின் மீதே முழுப்பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உரோமம் அச்சு அசலாக இருக்கும் இன்றைய படங்களிலும் இதே குறையைக் காண்கிறோமே! விலங்கின் காலடியைக் கவனியுங்கள். பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் அடர்ந்து கருக்க வேண்டும். தாவி இறங்கும்போது முழங்கால் மடங்கி, உடல் ஒரு கணம் தாழ்ந்து எழ வேண்டும். இவை தவறினால் எடையே இல்லாத உருவம் காற்றில் மிதப்பதாகத்தான் தோன்றும். அதே ‘ஜுமான்ஜி’யில் காட்டுவிலங்குகள் நூலகச் சுவரை உடைத்துக்கொண்டு பாயும் காட்சி எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது, புத்தகங்களும் மரப்பலகைகளும் சிதறுவதால், அந்த விலங்குகளின் எடையை நாம் உணர்கிறோம்.

நீலத்திரை:
நடிகரின் பார்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே எதுவும் இல்லாத வெளியைப் பார்த்து நடிப்பவரின் கண்கள், பின்னர் வரையப்படும் விலங்கின் கண்களோடு பொருந்துவது அரிது. 2016-இல் வந்த ‘தி ஜங்கிள் புக்’ படத்தில் சிறுவன் பார்த்தும் தொட்டும் நடிப்பதற்காகக் கைப்பாவைகளைப் பயன்படுத்தினார்கள். ஒளியைப் பொருத்தவும் வழியுண்டு: படப்பிடிப்புத் தளத்திலேயே பளபளக்கும் உலோகப் பந்தொன்றை வைத்துப் படமெடுத்தால், சுற்றியுள்ள விளக்குகள் அனைத்தும் அதில் பதிந்துவிடும், அந்தப் பதிவைக் கொண்டே வரைகலை உருவத்திற்கு ஒளியூட்டுவார்கள். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இத்தகைய முன்னேற்பாடுகள்தாம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.